குமிழி விடும் பாட்டில்

நுரையீரல் சுருங்கியவரின் கட்டிலுக்குக் கீழே, தரையில் ஒரு பாட்டில் இருக்கும். விலா இடுக்கில் செருகிய குழாயின் மறுமுனை அதிலுள்ள தண்ணீருக்குள் 2 சென்டிமீட்டர் முங்கியிருக்கும். வார்டில் இதை 'ஐசிடி' என்பார்கள்.

இந்தப் பாட்டில் முதலில் வந்தது சீழுக்காக. 1870களில் ஹாம்பர்க் மருத்துவர் கொட்ஹார்ட் பியூலாவ், நெஞ்சில் சீழ் கட்டியவர்களுக்குக் குழாய் செருகி, அதன் நுனியைப் பாட்டில் நீரில் மூழ்கவிட்டார். 1891இல் இந்த முறையை விரிவாக எழுதினார். ஜெர்மானிய மருத்துவமனைகளில் இன்றும் அவர் பெயரால்தான் இதை அழைக்கிறார்கள்.

நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே எப்போதும் ஓர் இழுவிசை உண்டு; நுரையீரல் விரிந்திருப்பதே அதனால்தான். அங்கே காற்று புகுந்தால் நுரையீரல் சுருங்கும். சீழை எடுக்க வெறுமனே துளை போட்டாலும் அதே கதிதான். பியூலாவின் தண்ணீர் ஒருவழிக் கதவாயிற்று. இருமினால் உள்ளிருக்கும் காற்று குமிழியாக வெளியேறும். மூச்சை இழுத்தால் குழாயில் தண்ணீர் கொஞ்சம் ஏறும், காற்று திரும்பாது. பாட்டிலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கினால் தண்ணீரே உள்ளே போய்விடும் என்பதால்தான் அது தரையில் இருக்கிறது. பொத்தலான சைக்கிள் டியூப்பைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பதுபோல, குமிழி வரும்வரை நுரையீரலில் ஓட்டை மூடவில்லை என்று மருத்துவர் கண்டுகொள்வார். குமிழி வரும் குழாயைக் கிளாம்ப் போட்டு அடைக்கக் கூடாது. வழியில்லாத காற்று உள்ளே அழுத்தம் ஏற்றி இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தையே தடுத்துவிடும். அந்த நிலை வந்தால் எக்ஸ்ரேக்குக் காத்திராமல் உடனே ஊசி குத்திக் காற்றை விடுவிக்க வேண்டும்.

பாட்டிலுக்குப் பெரிய மதிப்பு வந்தது 1918இல். அமெரிக்க ராணுவ முகாம்களில் சளிக்காய்ச்சலோடு நிமோனியாவும் சேர்ந்து, வீரர்களின் நெஞ்சில் சீழ் கட்டியது. நெஞ்சைத் திறந்து அறுவை செய்தார்கள். சராசரியாக 100க்கு 30 பேர் இறந்தார்கள். நிமோனியா தணியாத நெஞ்சைத் திறப்பதே உயிரை வாங்குகிறது என்று அறுவை மருத்துவர் எவார்ட்ஸ் கிரஹாம் இருந்த ஆய்வுக்குழு காட்டியது. மூடிய முறையில் வடித்து, திறப்பதைத் தள்ளிப்போட்டதும் இறப்பு 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில் காசநோய்க்கு இத்தாலியின் கார்லோ ஃபோர்லானினி காட்டிய வழியில், மருத்துவர்களே நெஞ்சுக்குள் வாயுவை ஏற்றி நுரையீரலைச் சுருக்கிக்கொண்டிருந்தார்கள்.

1960களில் அமெரிக்க மருத்துவர் ஹென்றி ஹெய்ம்லிக் தண்ணீருக்குப் பதிலாக ரப்பர் வால்வு வைத்தார். பாட்டில் இல்லாமலே நோயாளி எழுந்து நடந்தார்.

வெளிக்காரணம் ஏதுமின்றித் தானாக நுரையீரல் சுருங்குவது பெரும்பாலும் ஒல்லியான, உயரமான இளைஞர்களுக்கு. சிகரெட் அதைக் கூட்டும். நுரையீரல் உச்சியில் ஒரு காற்றுக் கொப்புளம் உடையும், நெஞ்சு சுருக்கென்று குத்தும். எக்ஸ்ரேயில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடும், அதற்கு அப்பால் ரத்தக்குழாய்த் தடமில்லாத கறுப்பும் தெரியும். பாட்டில் நெடுங்காலம் இவர்களுக்கும் வழக்கமாக இருந்தது.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவர்கள் இப்படிப்பட்ட 316 பேரிடம் நடத்திய ஒரு சோதனையின் முடிவை 2020இல் வெளியிட்டார்கள். குழாய் போடாமல் கவனித்து வந்தவர்களில் சுமார் 15 சதவீதத்தினருக்கே பிறகு சிகிச்சை தேவைப்பட்டது. 8 வாரத்தில், குழாய் போட்டவர்கள், போடாதவர்கள் என இரு தரப்பிலும் பெரும்பாலோருக்கு நுரையீரல் விரிந்துவிட்டது. சிலர் பரிசோதனைக்குத் திரும்பாததால் கணக்கில் ஓட்டை உண்டு என்றாலும், கேள்வி மாறிவிட்டது. எக்ஸ்ரேயில் இடைவெளி எத்தனை பெரிது என்பதைவிட, மூச்சு வாங்குகிறதா என்றே இப்போது முதலில் பார்க்கிறார்கள். மூச்சுத் திணறுபவருக்கும், காசநோயோ புகையோ ஏற்கெனவே நுரையீரலைக் கெடுத்திருப்பவருக்கும் பாட்டில் இன்னும் பெரும்பாலும் வேண்டியிருக்கிறது.