பிடி அரிசியும் நூலக வரியும்

விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலா பிடி அரிசியால் வளர்ந்த பள்ளி. உலை வைக்குமுன் வீடுதோறும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பர். அதைத் திரட்டிப் பள்ளியை நடத்தினர். அங்குப் பயின்ற காமராசர் சிறுவயதிலேயே படிப்பை நிறுத்திவிட்டு மாமனின் துணிக்கடைக்குச் செல்ல நேர்ந்தது. அதன்பின் அவர் பெற்ற கல்விக்குச் செய்தித்தாள்களே பெருந்துணை.

1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை இயற்றியபோது, அந்தப் பிடி அரிசியே வரியாக உருமாறியது எனலாம். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் நெடுங்காலம் வாதாடியதன் விளைவு அது. கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டமும் அதுவே. சொத்து வரியுடன் நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. இன்று ரூபாய்க்குப் பத்துக் காசு.

இஸ்லாமிய வரலாற்றை அறிந்தோருக்கு இது புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மர்வ் நகரில் தங்கியிருந்த புவியியலறிஞர் யாகூத் அல்ஹமவீ, அங்கிருந்த பத்து வக்ஃப் நூலகங்களைப் போற்றி எழுதியிருக்கிறார். ஈட்டுத்தொகை ஏதுமின்றியே அவர் வீட்டில் ஏறத்தாழ 200 நூல்கள் இருந்தனவாம்! 1221-இல் மங்கோலியர் அந்நகரை அழித்தனர். வக்ஃப் மனமுவந்து அளிப்பது, வரியோ கட்டாயம், இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் வாசகனின் வறுமையைப் பொருட்படுத்தாத கதவு இரண்டுக்கும் பொது.

அக்கதவு சிவகாசிக்கு மிகவும் தேவை. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சுத் தொழிலும் பெருகின. நாடெங்கும் பிள்ளைகள் எழுதும் நோட்டுகள் அச்சாகும் ஊரில், எத்தனையோ பிள்ளைகள் எழுதப் படிக்கும் வயதைத் தீப்பெட்டி ஒட்டுவதில் கழித்தனர். 1996-இல் உச்ச நீதிமன்றம், சிறுவரைப் பணிக்கு அமர்த்தும் முதலாளி ஒவ்வொரு சிறுவருக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென ஆணையிட்டது. அன்றைய சிறுவர் இன்று பெற்றோர்.

"கைபேசி இருக்க நூலகம் எதற்கு?" என்று கேட்போர் அந்தப் பெற்றோரின் வீட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு ஒரே கைபேசி, ஓர் அறை, அதற்குள் நால்வர். அரசுத் தேர்வுக்கு ஆயத்தமாகும் மகளுக்குத் தேவை திரை மட்டுமன்று. மேசை, மின்விசிறி, சில மணிநேர அமைதி, யாரும் விரட்டாத இருக்கை. காமராசர் பிறந்தநாளான ஜூலை 15 அன்று, 2023-இல், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. இரண்டு லட்சம் சதுர அடிக்கும் மேற்பட்ட அரிய கொடை அது. ஆனால் சிவகாசியிலிருந்து நாள்தோறும் மதுரைக்குப் பேருந்தேறிச் சென்று படித்துத் திரும்புவது யாரால் இயலும்? அவளுக்கு வேண்டியது நடந்து போகும் தொலைவில் ஒரு கிளை நூலகம், மாலையிலும் திறந்திருக்கும் கிளை.

உள்ளாட்சிகள் வசூலித்த நூலக வரியை உரிய காலத்தில் செலுத்துவதில்லை என்னும் முறையீடு பல்லாண்டுகளாக உண்டு. பட்டாசுத் தொழிலாளியின் சொந்த வீட்டு வரி ரசீதிலும் அந்தப் பத்துக் காசு தனியே குறிக்கப்பட்டிருக்கிறது.