நம் ஊரின் முதல் மேயர் எந்த ஊர்க்காரர்?

நம்ம பேட்ச்சில் பாதிப் பேர் அமெரிக்காவில். மீதிப் பேரின் பிள்ளைகள் விசாவுக்குக் காத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே பிறந்து, அங்கே கல்லூரி முடித்து, பிழைப்புத் தேடி மெட்ராஸ் வந்த ஒருவர் முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இருந்திருக்கிறார். 1688 செப்டம்பர் 29 அன்று பதவியேற்ற நம் ஊரின் முதல் மேயர் நத்தானியல் ஹிக்கின்சன்தான் அவர். யேல் பல்கலைக்கழகத்தின் பெயருக்குக் காரணமான கவர்னர் எலிஹு யேல் பாஸ்டனில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியும். ஹிக்கின்சனைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

அவருடைய பூர்வீகத்தைத் தேடினால் சேலத்தில் போய் நிற்கும். நம்ம மாம்பழச் சேலம் இல்லை, மாசசூசெட்ஸில் உள்ள சேலம். தாத்தா பிரான்சிஸ், 1629இல் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி அங்கே பாதிரியாராக வந்தவர். மறு வருஷமே காலமானார். அப்பா ஜானும் பாதிரியார். அம்மா சாரா, கனெக்டிகட்டில் கில்ஃபர்டு என்ற ஊரை உண்டாக்கிய ஹென்றி விட்ஃபீல்டின் மகள். அந்த ஊரில்தான் 1652இல் நத்தானியல் பிறந்தார்.

1670இல் ஹார்வர்டில் பட்டம். ஒரு வருஷத்தில் வெளிவரும் பட்டதாரிகளை விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய காலம் அது. 1674இல் இங்கிலாந்து போனார். பிறகு கம்பெனி உத்தியோகம், மெட்ராஸ் கோட்டை, மேயர் பதவி. 1692 அக்டோபரில் யேலை இறக்கிவிட்டு இவரையே கவர்னராக்கினார்கள்.

அந்த 1692ஆம் வருஷத்தில்தான் என் மனம் நின்றுவிட்டது. இங்கே இவருக்குக் கல்யாணமும் கவர்னர் பதவியும். அதே வருஷம் சேலத்தில் சூனியக்காரிகள் என்று சொல்லிப் பத்தொன்பது பேரைத் தூக்கில் போட்டார்கள். ஜூன் மாதம் கைதானவர்களில் ஒருத்தி ஆன் டாலிவர், இவருடைய உடன்பிறந்த சகோதரி! நல்லவேளை, உயிர் பிழைத்தார். ஆகஸ்டில் தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் பரோஸ் என்ற பாதிரியார், இவரோடு 1670இல் ஹார்வர்டில் பட்டம் வாங்கியவர். சூனியக்காரனால் ஜெபத்தைப் பிழையில்லாமல் சொல்ல முடியாது என்பது அன்றைய நம்பிக்கை. பரோஸ் தூக்குமேடையில் நின்று தடுமாறாமல் முழுசாகச் சொன்னார். அப்படியும் விடவில்லை. இந்தச் செய்தியெல்லாம் லண்டன் வழியாகக் கப்பலில் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். சகோதரி சிறையில் இருந்த நாட்களில் இவருக்கு ஒன்றும் தெரிந்திருக்க வழியில்லை.

அவர் ஆண்ட மெட்ராஸில் மயிலாப்பூரும் கிடையாது, அடையாறும் கிடையாது. சாந்தோமும் மயிலையும் கம்பெனி கைக்கு வந்ததே 1749இல்தான். தி.நகர் இருக்கும் இடத்தில் அப்போது ஏரித் தண்ணீர். அதைத் தூர்த்து மனை போட்டது 1920களில். ஹிக்கின்சன் காலத்தில், 1693இல், கம்பெனிக்குக் கிடைத்தவை எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை. மயிலாப்பூரிலிருந்து நான் பஸ் பிடித்துப் பழைய ரிக்கார்டுகளைத் தேடிப்போகும் ஆவணக் காப்பகமும் கன்னிமாரா லைப்ரரியும் அந்த எழும்பூரில்தான் இருக்கின்றன!

1698இல் பதவி முடிந்தது. அதன் பிறகும் அவர் சேலத்துக்குத் திரும்பவில்லை. 1674இல் விட்டுப்போன அப்பாவை மறுபடி பார்க்கவே இல்லை. 1708இல் லண்டனில் மகன் இறந்தார். அதே வருஷக் கடைசியில் சேலத்தில் அப்பாவும் போனார், வயது 92.

கில்ஃபர்டில் தாத்தா விட்ஃபீல்டு 1639இல் கட்டிய கல்வீடு இன்னும் இருக்கிறது, மியூசியமாக. கனெக்டிகட் பக்கம் இருக்கும் நண்பர்கள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு, அடுத்த மலருக்கு ஒரு போட்டோ அனுப்புங்களேன்.