ஊரை நடந்து அறிவோம்



யூபிலி ஆண்டு வந்தால் நாம் செய்கிற வேலைகள் எல்லோருக்கும் தெரிந்தவையே. கோவிலுக்கு வெள்ளையடிக்கிறோம். கொடிமரத்தைப் புதுப்பிக்கிறோம். பழைய திருமுழுக்குப் பதிவேட்டை விரித்து, பாட்டன் பூட்டன் பெயரைத் தேடிப் பார்த்து மகிழ்கிறோம். பங்கின் வரலாற்றை எழுதி மலராகவும் வெளியிடுகிறோம். நல்லதே. ஆனால் கோவில் வாசலைத் தாண்டியதும் தொடங்கும் தெருவின் வரலாற்றை எழுதி வைத்தவர் யார்?

தேர்ப்பவனி ஆண்டுதோறும் அந்தத் தெரு வழியாகத்தான் போகிறது. நாமும் செபமாலை சொல்லிக்கொண்டு பின்னால் போகிறோம். இருந்தும், அந்தத் தெருவுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது, முனையிலிருந்து மூடப்பட்ட கிணறு யார் வெட்டியது, மூன்றாம் வீட்டுப் பெரியவர் முன்பு என்ன தொழில் செய்தார் என்று யாரேனும் கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். எதிர்வீட்டுக்காரரை முகத்தால் மட்டும் அறிந்தவர்களாக வாழ்ந்து வருகிறோம்.

குடியிருப்போர் தாமே முன்வந்து, காசு வாங்காமல், அக்கம்பக்கத்தாரை அழைத்துக்கொண்டு தம் ஊரை நடந்து காட்டும் பழக்கம் இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. அது எப்படி வளர்ந்தது, அதனால் விளைந்தது என்ன, சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு அதில் என்ன இருக்கிறது என்பதை இங்கே சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறோம்.

வழி சொல்லும் மரபு

இது நமக்கு முற்றிலும் புதியதன்று. சங்க நூல்களில் பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை என்னும் வகையைச் சேர்ந்தவை. ஒரு வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வரும் ஏழைக் கலைஞனுக்கு வழி சொல்வது அதன் அமைப்பு. இன்ன இடத்தில் இன்ன மக்கள் இருப்பார்கள், இன்ன உணவு தருவார்கள், இன்ன இடத்தில் கவனமாகப் போ என்று, தான் நடந்த வழியை மற்றவனுக்குக் காட்டுகிறான். முருகனிடம் வழிகாட்டும் திருமுருகாற்றுப்படையும் இந்த ஐந்தில் ஒன்று. நடந்தவன் நடக்கப்போகிறவனுக்குச் சொல்வதே ஆற்றுப்படை.

நம் பகுதிக் கிறிஸ்தவத்தின் தொடக்கமும் நடைப்பயணத்தில்தான் இருக்கிறது. 1623-ஆம் ஆண்டு சேசுசபைக் குருவானவர் இராபர்ட் தெ நோபிலி மதுரையிலிருந்து புறப்பட்டு, திருச்சி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்து சேர்ந்தார். நமது சேலம் மறைமாவட்டம் 1930 மே 26-இல் உருவாவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்தது அது. அன்று இரயிலும் இல்லை, பேருந்தும் இல்லை. ஊர் ஊராகத் தங்கி, மக்களின் பேச்சையும் வழக்கத்தையும் கற்றுக்கொண்டுதான் அவர்கள் பணி செய்தார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. நம் நாட்டில் தெருவில் நடப்பது எல்லோருக்கும் கிடைத்த உரிமையாக இருந்ததில்லை. திருவிதாங்கூரின் வைக்கத்தில் கோவிலைச் சுற்றிய சாலைகளில் தாழ்த்தப்பட்டோர் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து 1924-இல் போராட்டம் தொடங்கியது. நம் பக்கத்து ஈரோட்டிலிருந்து பெரியார் ஈ.வெ.ராமசாமி அங்கே சென்று இருமுறை சிறைப்பட்டார். 1925-இல் மூன்று பக்கத்துச் சாலைகள் திறந்தன. நான்காவது பக்கம் 1936-ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசப் பிரகடனத்துக்குப் பிறகே திறந்தது. ஒரு தெருவில் எல்லோரும் சேர்ந்து நடப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இதிலிருந்து அறியலாம்.

ஒரு பெண்மணியின் பிடிவாதம்

அமெரிக்காவில் ஜேன் ஜேக்கப்ஸ் என்றொரு பெண்மணி இருந்தார். 1916-இல் பிறந்தவர், பத்திரிகைகளில் எழுதி வந்தவர், நகர அமைப்பில் பட்டம் பெற்றவரல்லர். நியூயார்க் நகரில் தாம் குடியிருந்த தெருவை அன்றாடம் கவனித்தார். காலையில் கடை திறப்பவர், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் முதியவர், விளையாடும் பிள்ளைகள் ஆகிய இவர்களின் கண்கள்தான் தெருவைக் காக்கின்றன என்று கண்டார். பழைய குடியிருப்புகளை இடித்துவிட்டு அகன்ற சாலைகளும் அடுக்குமாடிகளும் கட்டுவதே முன்னேற்றம் என்று அதிகாரிகள் நினைத்த காலம் அது. அதை மறுத்து 1961-இல் அவர் எழுதிய புத்தகம் உலகெங்கும் படிக்கப்பட்டது. அவர் வாழ்ந்த பகுதிக்கு அருகே குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு போக இருந்த விரைவுச் சாலைத் திட்டமும் மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டது.

1968-இல் அவர் கனடாவின் டொரொண்டோ நகரில் குடியேறி, 2006 ஏப்ரலில் காலமானார். அவர் நினைவாகச் சிலை வைக்கலாம், மண்டபம் கட்டலாம். அவருடைய நண்பர்கள் அப்படிச் செய்யவில்லை. மறு ஆண்டு 2007 மே மாதம் அந்நகர மக்களையே தத்தம் தெருக்களில் நடக்க அழைத்தார்கள். 'ஜேன் நடை' என்று பெயர் பெற்ற அந்த நடைக்குக் கட்டணம் கிடையாது. வழிகாட்டுகிறவர் அறிஞராக இருக்க வேண்டியதில்லை. அந்தத் தெருவை அறிந்தவராக இருந்தால் போதும். கூட வருகிறவர்களும் பேசலாம், திருத்தலாம். இன்று பல நாடுகளின் நகரங்களில் ஆண்டுதோறும் மே முதல் வாரத்தையொட்டி இந்த நடை நடைபெறுகிறது.

யானைமலையின் பாடம்

தமிழ்நாட்டில் இதற்கு இணையானவை உண்டு. 1639 ஆகஸ்ட் 22-ஐச் சென்னையின் பிறந்த நாளாகக் கொண்டு, 2004 முதல் ஆர்வலர்கள் சென்னை நாளைக் கொண்டாடி வருகிறார்கள். அந்த நாட்களில் மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் போன்ற பகுதிகளில் நடைகள் நடக்கின்றன. ஆயினும் நம் உள்ளத்தை அதிகம் தொடுவது மதுரையின் 'பசுமை நடை'.

மதுரைக்குக் கிழக்கே ஒத்தக்கடையை அடுத்து, படுத்திருக்கும் யானையைப் போல ஒரு பாறை மலை நீண்டு கிடக்கிறது. அதன் அடியில் நரசிங்கத்தில் பாண்டியர் காலக் குடைவரைக் கோவில் இருக்கிறது. பாண்டிய மன்னனின் அமைச்சர் மாறன் காரி அதைக் குடைவித்தார். 770-ஆம் ஆண்டில் குடமுழுக்குக்கு முன் அவர் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்துப் பணியை முடித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. மலைமேல் சமணத் தீர்த்தங்கரர் உருவங்களும் வட்டெழுத்துகளும் இருக்கின்றன.

2010-இல் இந்த மலையைச் சிற்பநகரமாக்கும் அரசுத் திட்டம் ஒன்று வந்தது. சுற்றுவட்டார மக்கள் எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அப்போது மலையைப் பார்க்கச் சென்ற எழுத்தாளர் அ.முத்துக்கிருஷ்ணனும் நண்பர்களும், நகரத்தில் இருக்கும் நாமே நம் மலைகளை அறியாமல் இருக்கிறோமே என்று வருந்தினார்கள். அதிலிருந்து பிறந்தது பசுமை நடை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கூடுவார்கள். ஒரு மலைக்கோ குகைக்கோ ஏறுவார்கள். தொல்லியல் அறிஞர் சாந்தலிங்கம் போன்றோர் கல்வெட்டைப் படித்துப் பொருள் சொல்வார்கள். மரத்தடியில் அமர்ந்து எல்லோரும் சேர்ந்து உண்பார்கள். மாணவர், ஆசிரியர், கடைக்காரர், குழந்தையோடு வரும் தாய்மார் என எல்லாரும் வருகிறார்கள். ஊர்க்காரர்களும் வந்து தங்கள் கதையைச் சொல்கிறார்கள்.

மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டியும் அப்படிப் பலர் நடந்து கண்ட ஊர். 2022 நவம்பரில் அரசு அதைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கிய நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்தது. ஊர் திரண்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை இரத்துச் செய்தது. நடைப்பயணம்தான் மலையைக் காத்தது என்று சொல்ல மாட்டோம். காத்தவர்கள் அங்கே உழுது வாழும் கிராமத்தார். ஆனால் எந்தக் குகையில் எந்த எழுத்து, எந்தச் சுனையில் எப்போது நீர், எந்தப் பறவை எங்கே கூடு கட்டும் என்று ஊரார் வாயாரச் சொன்னதை, வெளியூரிலும் புரிந்துகொண்டு துணை நின்றவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் முன்பே அந்த மண்ணில் நடந்தவர்கள்.

நம் பக்கம்

இனி நம் பக்கம் வருவோம். இங்கே நடந்து பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர் உண்டு. சேர்வராயன் மலைப்பக்கம் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்தை ஊடறுத்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது. சேலம் கோட்டையில் அழகிரிநாதர் கோவிலும், ஆடித் திருவிழாவுக்கு ஊரையே கூட்டும் மாரியம்மன் கோவிலும், ஆற்றங்கரையில் ஜாமியா மசூதியும் ஒரே காலை நடையில் அடங்கும். நாலு ரோட்டில் நமது குழந்தை இயேசு பேராலயம் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டை என்ற பெயரிலேயே செவ்வாய்ச் சந்தை இருக்கிறது. அங்கே வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் இன்றும் கைகள் ஓய்வதில்லை. அம்மாப்பேட்டையில் தறி ஓசையைக் கேட்கலாம். 1866-இல் ஏற்பட்ட சேலம் நகரசபைக்கு 1917 முதல் 1919 வரை தலைவராயிருந்தவர் இராஜாஜி.

நாமக்கல்லில் ஒரே பாறையைச் சுற்றினால் இரண்டு குடைவரைக் கோவில்கள், மேலே கோட்டை, கீழே கமலாலயக் குளம். ஊருக்குள் நாமக்கல் கவிஞர் வெ.இராமலிங்கம் பிள்ளை வாழ்ந்த வீடு நினைவில்லமாக நிற்கிறது. லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளும் வரலாறுதானே? அந்தத் தொழில் இந்த ஊரில் எப்படிக் காலூன்றியது என்று ஒரு பழைய ஆசாரியைக் கேட்டால், எந்தப் புத்தகத்திலும் இல்லாததைச் சொல்வார்.

நடக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே சான்று உண்டு. டி.ஆர்.சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் அங்கிருந்தே வந்தது. இன்று ஏற்காடு சாலையில் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. அங்கே வேலை செய்த தச்சரும் தையல்காரரும் விளக்குப் பிடித்தவரும் நம் தெருக்களில்தான் வாழ்ந்தார்கள். அவர்களைக் கேட்டு எழுதி வைத்தோமா? திருமணிமுத்தாறு சாக்கடையாகிப் போனதையும் நாம் பாலத்தின் மேல் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடந்தோம்.

மறுபக்கமும் உண்டு. கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010-இல் சேலத்து மக்கள் குழுவொன்று முன்னின்று தூர்வாரி, மண்ணைத் திட்டுகளாக்கி மரம் நட்டது. பறவைகள் திரும்பி வந்தன. அந்த ஏரிக்கரையில் நடந்தவர்களுக்கு அது நம் ஏரி என்ற எண்ணம் பிறந்தது இயல்பே.

எப்படித் தொடங்குவது?

இதற்கு நிதி வேண்டாம், மேடை வேண்டாம், மாலை மரியாதை வேண்டாம். ஒரு ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் இருபது பேர் போதும். ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். அந்தத் தெருவிலேயே வாழும் ஒருவர் வழிகாட்டட்டும். மற்ற சமயத்துச் சகோதரர்களையும் கட்டாயம் அழைப்போம்; தெரு நமக்கு மட்டும் சொந்தமன்று. வயதானவர்கள் நடக்கும் வேகமே எல்லோருக்கும் வேகமாக இருக்கட்டும். ஒரு பிள்ளை கையில் நோட்டுப் புத்தகத்தோடு வரட்டும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடமும் உண்டு. நம் ஊர்களில் நாம் இதுவரை காலடி வைக்காத தெருக்கள் இருக்கின்றன. ஏன் வைக்கவில்லை என்பது நமக்கே தெரியும். அங்கே வேடிக்கை பார்க்கிறவர்களாகப் போகக் கூடாது. அத்தெரு மக்கள் அழைத்து, அவர்களே பேச, நாம் கேட்கிறவர்களாகப் போக வேண்டும். பிறகு நம் தெருவுக்கு அவர்களை அழைக்க வேண்டும். இந்த இரண்டாவது நடைதான் கடினமானது. இந்த யூபிலிக்குத் தகுந்ததும் அதுவே.

மாறன் காரி தொடங்கியதைத் தம்பி மாறன் எயினன் முடித்தான். நம் முன்னோர் இந்தக் கோவிலைக் கட்டி நம்மிடம் விட்டுச் சென்றார்கள். வாசலுக்கு வெளியே அவர்கள் முடிக்காமல் விட்ட வேலை ஒன்று நமக்காகக் காத்திருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படுவோம்.