பழைய ராணுவ லாரி என்ஜின்களின் பிறப்பும் வயதும்
இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கா கட்டிய ராணுவ லாரிகளின் என்ஜின் எங்கே, எப்போது உருவானது என்று சொல்ல மூன்று வகைச் சான்றுகள் உண்டு. இரும்பை வார்க்கும்போதே புடைப்பாக எழுந்த வார்ப்புக் குறி ஒன்று. பிறகு பிளாக்கின் மேல் அடித்துப் பதித்த என்ஜின் எண் இன்னொன்று. வண்டியில் பொருத்திய தகடு மூன்றாவது. வாங்குவோர் முதலில் தேடுவது தகட்டை, பிறகு எண்ணை. நம்பத் தகுந்த வரிசை இதற்கு நேர் எதிரானது. தகட்டைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டலாம். அடித்த எண்ணை அராவிவிட்டு வேறு எண் அடிக்கலாம். அச்சிலிருந்து பிளாக்கோடு சேர்ந்து வந்த எழுத்தைத் தடயம் தெரியாமல் மாற்றுவது மிகக் கடினம்.

1941 முதல் 1945 வரை 5 லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்ட ஜி.எம்.சி. இரண்டரை டன் லாரியை எடுத்துக்கொள்ளலாம். அதன் '270' என்ஜின் வரிசையாக ஆறு சிலிண்டர்கள் கொண்டது, கொள்ளளவு 269.5 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 4.4 லிட்டர். டக் எனப்பட்ட நீர்நில வண்டியிலும் இதே என்ஜின்தான். போர்முனைப் பணிமனைகளில் பழுதான என்ஜினை இறக்கிவிட்டு, ஓவர்ஹால் செய்து வைத்திருந்த வேறொன்றை ஏற்றி அனுப்புவது அன்றாட வேலை. எனவே ஓட்டுநர் அறைத் தகடு லாரியின் வயதைச் சொல்லுமே தவிர, என்ஜினின் வயதைச் சொல்லாது. ஜெனரல் மோட்டார்ஸ் வார்ப்பாலைகளின் பழக்கப்படி வார்ப்புக் குறியில் மாதத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து, அடுத்து நாள், கடைசியில் ஆண்டின் இறுதி இலக்கம். ஜனவரிக்கு 'ஏ' என்று தொடங்கும் இந்த முறையில் 'சி 15 3' என்றால் மார்ச் 15, 1943. இங்கேதான் பலர் இடறுகிறார்கள். '3' என்பது 1953 ஆகவும் இருக்கலாம். 270 என்ஜின் போருக்குப் பிறகும் பொதுமக்கள் லாரிகளுக்காக வார்க்கப்பட்டு வந்தது. ஆகவே பிளாக்கின் வார்ப்பு எண்ணையும், ஹெட், மேனிஃபோல்டு ஆகியவற்றின் தேதிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். அவற்றில் மிகப் பிந்திய தேதிக்கு முன் அந்த என்ஜின் இன்றுள்ள வடிவில் பூட்டப்பட்டிருக்க முடியாது.

வார்ப்புத் தேதி பிளாக்குக்கு மட்டுமே உரியது, என்ஜினை அடையாளம் காட்டுவது அதற்கே உரிய எண்தானே என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் எண்ணின் பொருள் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறியது. ராணுவப் பதிவில் கால் டன் லாரி என்றே குறிக்கப்பட்ட ஜீப் இதற்குத் தெளிவான சான்று. ஒரே வடிவமைப்பை வில்லிஸும் ஃபோர்டும் கட்டின. பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் நிபந்தனை. ஃபோர்டு, சேஸிஸில் அடித்த எண்ணையே என்ஜினிலும் அடித்தது. வில்லிஸில் இரண்டும் தனித்தனி வரிசைகள். இரு எண்களும் ஒத்துப்போவதுதான் அசல் வண்டிக்கு அடையாளம் என்ற விதியை வில்லிஸின் மேல் சுமத்தினால், உண்மையான வண்டி போலியாகத் தெரியும். எண்கள் ஒத்திருக்கும் வண்டிதான் அங்கே சந்தேகத்துக்குரியது. உள்ளமைப்பும் சாட்சி சொல்லும். போர்க்கால ஜீப் என்ஜினில் கேம் தண்டைச் சுழற்றியது சங்கிலி. போருக்குப் பின் வந்த பொதுமக்கள் ஜீப்பில் அது பல்சக்கரமாக மாறியது. 1943ஆம் ஆண்டு எண்ணோடு ஒரு பிளாக் வந்து, முன்மூடியைத் திறந்தால் பல்சக்கரம் இருக்குமானால், அந்த எண்ணை அப்படியே ஏற்கக் கூடாது.

ஓவர்ஹாலுக்குப் போய்வந்த என்ஜினுக்கு அசல் என்ற பேச்சே பொருந்தாது என்பது இன்னொரு வாதம். இதில் எனக்கு உடன்பாடில்லை. போருக்குப் பின் பிரெஞ்சு ராணுவம் தன்னிடமிருந்த ஜி.எம்.சி. லாரிகளையும் ஜீப்புகளையும் பாரிஸை அடுத்த லா மால்தூர்னே பணிமனையில் பிரித்துப் புதுப்பித்து, அதற்கான தகட்டையும் பொருத்தியது. அந்தத் தகடு பொய் சொல்லவில்லை. அது சொல்வது புதுப்பித்த காலத்தை. அதைப் பிறந்த தேதியாக எடுத்துக்கொள்வதும் பிழை, அசல் தோற்றம் வேண்டும் என்று பிடுங்கி எறிவதும் பிழை. அருங்காட்சியகக் குறிப்பில் பிளாக் வார்த்த தேதி, தொழிற்சாலை எண், புதுப்பித்த இடம் மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டும். ஒன்று கிடைக்காவிட்டால் மற்றொன்றை வைத்து அந்த இடத்தை நிரப்பக் கூடாது.