திருத்தணி – பத்துமலை வான்வழித் தொலைவு

திருவள்ளூர் மாவட்டத்துத் திருத்தணி மலைக்கோயிலுக்கும் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பத்துமலைக் குகைக்கோயிலுக்கும் இடையே நேர்த்தொலைவு ஏறத்தாழ 2,670 கி.மீ. இரண்டும் முருகன் தலங்கள். திருத்தணியில் 365 படிகள், பத்துமலையில் 272.

திருத்தணியில் விமான நிலையம் இல்லை. நேர்கோட்டில் அளந்தால் ரேணிகுண்டாவிலுள்ள திருப்பதி விமான நிலையம் சுமார் 50 கி.மீ., மீனம்பாக்கம் சுமார் 64 கி.மீ. எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரலில்தான் இவ்வூர் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. வானூர்திக் கணக்கில் மட்டும் இன்னும் ஆந்திரமே பக்கம். ஆனாலும் கோலாலம்பூர் போகிறவர்கள் மீனம்பாக்கத்துக்குத்தான் வண்டி பிடிக்கிறார்கள்.

மீனம்பாக்கத்திலிருந்து, 1998-இல் திறக்கப்பட்ட செப்பாங் விமான நிலையத்துக்கு சுமார் 2,630 கி.மீ. வங்கக்கடலைத் தாண்டி, நிக்கோபார் தீவுகளின் தென்பகுதியை ஒட்டி, சுமத்திராவின் வடமுனைப் பக்கமாக மலாக்கா நீரிணையை அடையும் பாதை இது. பயணச்சீட்டில் காணும் நேரம் சுமார் நான்கு மணி. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், இறங்கிய பின் நிற்குமிடம் சேர்வதும் அதில் அடக்கம்.

கடிகாரம் வேறு கணக்குச் சொல்லும். மலேசிய நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. சென்னையில் இரவு 10 மணிக்குக் கிளம்பினால் அங்கே விடிகாலை 4.30; அங்கே இரவு 10 மணிக்குக் கிளம்பினால் இங்கே 11.30 தான். 1982-க்கு முன் தீபகற்ப மலேசியாவுடன் நமக்கு இருந்த வித்தியாசம் இரண்டே மணி. அவ்வாண்டு தொடக்கத்தில் அந்நாடு கடிகாரத்தை அரைமணி முன்தள்ளி வைத்தது.

ஆடிக் கிருத்திகைக்கு மலேசியாவிலிருந்து காவடியோடு வருகிறவர்களுக்குக் காற்றும் துணை. அம்மியைத் தூக்கும் ஆடிக்காற்று தரையில் மேற்கிலிருந்து வீசுகிறது. பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரம் ஏறினால் திசை தலைகீழ். கிழக்கிலிருந்து மேற்கே ஓடும் காற்று. அதற்கும் மேலே, சுமார் 15 கி.மீ. உயரத்தில் வலுக்கும் வெப்பமண்டலக் கீழை ஜெட் காற்றோட்டத்தின் கீழ்ப்பகுதி அது. இக்காற்றோட்டத்தை 1950-களில் ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடேசுவரம். மணிக்கு 840 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்தை 50 கி.மீ. வேகக் காற்று வரும்போது தள்ளி, போகும்போது தடுப்பதாக வைத்துக்கொண்டால், போக்குக்கும் வரவுக்கும் இருபது நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் விழும். தென்மேற்குப் பருவம் முடிந்ததும் இக்காற்றோட்டம் ஓய்ந்துவிடும். ஆகவே தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

விமானம் பரவலாகும் முன் இதே தூரம் கப்பலில் நாள்கணக்கில் கடக்கப்பட்டது. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா 1973 வரை இவ்வழியில் ஓடியது. அதன்பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு சேவையிலிருந்து விலகியது.