கோவா டிரான்ஸ்

கோவா டிரான்ஸ் என்பது 1980களின் இறுதியிலும் 1990களின் முற்பகுதியிலும் இந்தியாவின் கோவா கடற்கரைகளில் நடந்த இரவு நடனக் கொண்டாட்டங்களை ஒட்டி உருவான ஒரு மின்னணு இசை (இலங்கை வழக்கில்: இலத்திரனியல் இசை) வகை ஆகும். 1990களின் பிற்பகுதியில் இதிலிருந்து வளர்ந்த வடிவங்கள் சைக்கடெலிக் டிரான்ஸ் அல்லது சுருக்கமாக சைடிரான்ஸ் என்று அழைக்கப்படுகின்றன. இவ்விசையில் பெரும்பாலும் பாடகர் இல்லை. பாடல் வரிகள் இல்லை. பல்லவி, சரணம் போன்ற பிரிவுகளும் இல்லை. பொதுவாக 7 முதல் 10 நிமிடங்கள் நீளும் ஓர் ஆக்கத்தில், மாறாத தாளத்தின் மீது ஒலிகளின் நிறம் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே செல்லும். முதன்முறை கேட்பவருக்கு ஒரே ஒலி திரும்பத் திரும்ப வருவதாகத் தோன்றுவதற்கும், பழகியவர் அதே ஆக்கத்தைப் பலமுறை விரும்பிக் கேட்பதற்கும் இதுவே காரணம்.

பெயர்

டிரான்ஸ் என்பது தன்னை மறந்த நிலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். தமிழில் அருள்வந்து ஆடுதல் என்று சொல்லப்படும் நிலை இதற்கு ஓரளவு நெருங்கியது. சைக்கடெலிக் என்ற சொல்லை 1950களில் உளநல மருத்துவர் ஹம்ப்ரி ஆஸ்மண்ட் உருவாக்கினார். மனம் என்றும் வெளிப்படுதல் என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. வானொலிகளில் புகழ்பெற்ற ஐரோப்பிய டிரான்ஸ் இசை வேறு, கோவா டிரான்ஸ் வேறு. இரண்டிற்கும் பெயரில் உள்ள அளவு ஒற்றுமை ஒலியில் இல்லை.

வரலாறு

1961 வரை போர்த்துக்கீசர் ஆட்சியில் இருந்த கோவாவிற்கு 1960களின் பிற்பகுதி முதல் மேற்கு நாடுகளிலிருந்து ஹிப்பிகள் வரத் தொடங்கினர். வடகோவாவின் அஞ்சுனா, வாகதோர் முதலிய சிற்றூர்களில் குளிர்காலம் முழுவதும் தங்கிய இவர்கள், முழுநிலவு நாட்களிலும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளிலும் கடற்கரையில் கூடி ஆடினர். 1970களில் இக்கூட்டங்களில் ஒலித்தவை பெரும்பாலும் ராக், ரெகே போன்ற இசை வகைகளே.

1980களின் முற்பகுதியில் நிலைமை மாறியது. லோரான் என்ற பிரெஞ்சு டிஜேயும், கலிபோர்னியாவில் 1951ல் பிறந்து கோவாவில் குடியேறிய கோவா கில்லும் (இயற்பெயர் கில்பர்ட் லெவி, இறப்பு 2023) ஐரோப்பாவிலிருந்து வந்த மின்னணு இசையை இரவு முழுவதும் ஒலிக்கச் செய்தனர். பெல்ஜியத்தின் பிரண்ட் 242 போன்ற குழுக்களின் பாடல்கள் இவற்றுள் அடங்கும். ஆனால் அப்பாடல்களை அவர்கள் முழுமையாகப் பயன்படுத்தவில்லை. பாடகரின் குரல் வரும் பகுதிகளை நீக்கிவிட்டு, கருவியிசை மட்டும் உள்ள பகுதிகளை ஒரு ஒலிநாடாவிலிருந்து மற்றொன்றுக்குப் பலமுறை படியெடுத்து நீட்டித்தனர். ஆட்டத்தில் ஆழ்ந்திருப்பவரின் கவனத்தைச் சொற்கள் கலைக்கும் என்பது அவர்களது கருத்து. பாடலை நீக்கியபின் எஞ்சியதே பின்னர் தனி இசை வகையாயிற்று எனலாம்.

கருவிகளும் தம் பங்கை ஆற்றின. அக்காலத்தில் ஐரோப்பிய நடன அரங்குகளில் வினைல் இசைத்தட்டுகளே வழக்கில் இருந்தன. அவை எடை மிகுந்தவை. கோவாவின் வெயிலிலும் மணலிலும் எளிதில் கெட்டுவிடக்கூடியவை. எனவே இங்கு சோனி நிறுவனத்தின் கையடக்க ஒலிநாடாக் கருவிகளும், 1987க்குப் பின்னர் டாட் எனப்பட்ட டிஜிட்டல் ஒலிநாடாவும் பயன்பட்டன. இசைத்தட்டின் சுழற்சி வேகத்தைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ இரு ஆக்கங்களின் தாளத்தைப் பொருத்துவது போல டாட் ஒலிநாடாவில் எளிதாகச் செய்ய இயலாது. கோவா டிரான்ஸ் ஆக்கங்களின் தொடக்கமும் முடிவும் தாளமின்றி நீண்டிருப்பதற்கு இது ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

கோவாவில் குளிர்காலத்தைக் கழித்துத் திரும்பிய பயணிகள் தத்தம் நாடுகளில் இத்தகைய இசையைத் தாங்களே உருவாக்கத் தொடங்கினர். கில்லிங் ஜோக் குழுவின் பேஸ் கிதார் கலைஞரான யூத் 1993ல் இலண்டனில் டிராகன்பிளை நிறுவனத்தைத் தொடங்கினார். ஆஸ்திரேலியாவில் பிறந்த புல்லாங்குழல் கலைஞர் ராஜா ராம் (இது அவர் சூட்டிக்கொண்ட பெயர், அவர் இந்தியர் அல்லர்) 1994ல் டிப் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவர். அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று டிஜே பால் ஓகன்போல்டு பிபிசி ரேடியோ 1ல் வழங்கிய இரண்டு மணிநேர நிகழ்ச்சி இவ்விசையைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது. 'கோவா மிக்ஸ்' என்று அறியப்படும் அத்தொகுப்பில் திரைப்படப் பின்னணி இசைத் துண்டுகளும் இடையிடையே கோக்கப்பட்டிருந்தன.

இஸ்ரேலில் இவ்விசை பெற்ற செல்வாக்கு தனித்துக் குறிப்பிடத்தக்கது. 1992ல் இந்தியாவும் இஸ்ரேலும் முழுமையான தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்டன. கட்டாய இராணுவப் பணியை முடித்த இளைஞர்கள் நீண்ட பயணமாக இந்தியா வருவது அதன்பின் பெருகியது. அவர்களுள் பலர் கோவாவில் கேட்ட இசையைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றனர். ஆஸ்ட்ரல் புரொஜெக்சன், இன்பெக்டட் மஷ்ரூம் ஆகிய குழுக்கள் அங்கிருந்து உலகப் புகழ் பெற்றன. ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஜப்பான் ஆகிய நாடுகளிலும் இதே காலத்தில் இவ்விசை பரவியது.

இசை அமைப்பு

இவ்விசையின் வேகம் பொதுவாக நிமிடத்திற்கு 130 முதல் 150 தாள அடிகள். ஒவ்வொரு அடியிலும் கிக் டிரம் தவறாமல் ஒலிக்கும். சைடிரான்சில் ஓர் அடி நான்கு சம பாகங்களாகப் பிரிக்கப்பட்டு, முதல் பாகத்தில் கிக் டிரம்மும் எஞ்சிய மூன்றில் பேஸ் ஒலியும் அமைவது வழக்கம். குதிரைக் குளம்பொலி போன்று தோன்றும் ஓட்டம் இதனால் உண்டாவதே. நிமிடத்திற்கு 145 அடிகள் என்று கொண்டால் ஓர் அடியின் நீளம் ஏறத்தாழ 0.41 விநாடி, அதன் கால்பாகம் 0.10 விநாடி. பேஸ் ஒலியின் அதிர்வெண் 49 ஏர்ட்சு எனில் அந்தக் கால்பாகத்தில் ஐந்து அதிர்வுகளுக்கு மட்டுமே இடமுண்டு. கிக் டிரம்மின் ஒலி சற்று நீண்டாலும் பேஸ் ஒலியுடன் மோதிக் குழம்பிவிடும். எனவே சைடிரான்ஸ் இசையமைப்பாளர்கள் இவ்விரு ஒலிகளைச் சீர்செய்வதிலேயே மிகுந்த நேரம் செலவிடுகின்றனர்.

கோவா டிரான்சின் அடையாளமான நெளியும் ஒலிக்கு மூலமாக அமைந்தது ரோலண்ட் டிபி-303 என்ற சிறு சிந்தசைசர். கிதார் கலைஞர்களுக்குத் துணையாகப் பேஸ் வாசிப்பதற்காக 1980களின் தொடக்கத்தில் வெளியான இக்கருவி அப்பணியில் தோல்வியுற்று, 1984ல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. மலிவான விலைக்குக் கிடைத்த பழைய கருவிகளைக் கொண்டு சிகாகோ இளைஞர்கள் ஆசிட் ஹவுஸ் என்ற வகையை உருவாக்கினர். டிபி-303ல் ஒரே சுரக்கோவையைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, ஒலிவடிப்பியின் குமிழை மெல்லத் திருகினால் மந்தமான ஒலி படிப்படியாகக் கூர்மை அடைந்து கீச்சிடும். சுரங்கள் மாறுவதில்லை, அவற்றின் நிறம் மட்டுமே மாறுகிறது. கோவா டிரான்சில் இத்தகைய நான்கைந்து கோவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, வெவ்வேறு வேகத்தில் நிறம் மாறிக்கொண்டிருக்கும்.

இங்கு ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982ல் இதே டிபி-303ஐப் பயன்படுத்திப் பத்து இந்துஸ்தானி இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து வெளியிட்டார். அப்போது கவனிக்கப்படாத அத்தொகுப்பு 2010ல் மறுவெளியீடு கண்டு வியப்பை ஏற்படுத்தியது. எனினும் கோவா டிரான்ஸ் இதிலிருந்து தோன்றியது என்று கொள்வதற்கு ஆதாரம் இல்லை.

கருநாடக இசையுடன் ஒப்புமை

கோவா டிரான்ஸ் ஆக்கங்கள் பல பிரிஜியன் அளவுத்தொடரிலோ அதன் நெருங்கிய வடிவம் ஒன்றிலோ அமைந்தவை. சுரங்களை மட்டும் நோக்கினால் முதலாவது தோடிக்கும், இரண்டாவது வகுளாபரணத்திற்கும் ஒப்பானது. சட்சத்தை ஒட்டியுள்ள சுத்த ரிசபம் அடிக்கடி வருவதால் தமிழ்ச் செவிகளுக்கு ஓர் அறிமுக உணர்வு உண்டாகலாம். பேஸ் ஒலி நெடுநேரம் ஒரே சுரத்தில் நிற்பதும் தம்புராவை நினைவூட்டும். ஆயினும் கமகமோ, இராக இலக்கணமோ இதில் இல்லை; ஒப்புமை அளவுத்தொடருடன் முடிந்துவிடுகிறது.

கேட்கும் முறை

திரைப்பாடலைக் கேட்பது போல மெட்டைத் தேடினால் இவ்விசை ஏமாற்றம் அளிக்கும். கவனிக்க வேண்டியது அடுக்குகளை. பெரும்பாலான ஆக்கங்களில் 8 அல்லது 16 தாள வட்டங்களுக்கு ஒருமுறை (145 அடி வேகத்தில் ஏறத்தாழ 13 அல்லது 26 விநாடிகளுக்கு ஒருமுறை) ஏதேனும் ஓர் ஒலி சேரும் அல்லது விலகும். முதலில் இந்த எல்லைகளை அடையாளம் காணப் பழகினால், அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்பு தானாகவே ஏற்படும். பின்னர் ஏதேனும் ஒரு கோவையை மட்டும் தெரிந்துகொண்டு அது எங்கே தொடங்கி எவ்வாறு உருமாறுகிறது என்று இறுதிவரை பின்தொடரலாம். ஒரே ஆக்கத்தை வெவ்வேறு கோவைகளைப் பின்பற்றிப் பலமுறை கேட்க முடியும் என்பது இவ்விசையின் சிறப்பு.

கைபேசி, மடிக்கணினி ஆகியவற்றின் சிறு ஒலிபெருக்கிகள் 50 ஏர்ட்சு அளவிலான ஒலிகளை ஏறக்குறைய வெளியிடுவதே இல்லை. அவற்றின் வழியாகக் கேட்பவர் இவ்விசையின் அடித்தளத்தைக் கேட்காமலேயே அதைப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்ய வாய்ப்புண்டு. நல்ல தலையணி ஒலிபெருக்கி அவசியம்.

புதியவர்களுக்கு இன்பெக்டட் மஷ்ரூம் குழுவின் கிளாசிக்கல் மஷ்ரூம் (2000) எளிய நுழைவாயில். அதில் மேற்கத்திய செவ்வியல் இசையின் சாயலும் தெளிவான மெட்டுகளும் உண்டு. கோவா டிரான்சின் செவ்வியல் வடிவத்தை அறிய ஹாலுசினோஜன் என்ற பெயரில் சைமன் போஸ்போர்டு வெளியிட்ட ட்விஸ்டட் (1995), ஆஸ்ட்ரல் புரொஜெக்சனின் டான்சிங் கேலக்சி (1997) ஆகியவற்றைக் கேட்கலாம். இத்தாலியக் குழுவான பிளையேடியன்சின் ஐ.எப்.ஓ. (1997) மிக அடர்த்தியானது. முதலில் இதைக் கேட்பவர் களைத்துப்போகக்கூடும். ஜெர்மனியின் எக்ஸ்-டிரீம் வெளியிட்ட ரேடியோ (1998) மெட்டுகளைக் குறைத்து இருண்ட ஒலிக்கு மாறிய காலத்தைக் காட்டுகிறது. நடனத் தாளம் பிடிக்காதவர்களுக்கு போஸ்போர்டும் ராஜா ராமும் இணைந்து ஷ்போங்கிள் என்ற பெயரில் வெளியிட்ட முதல் தொகுப்பு (1998) ஏற்றது. வேகம் குறைந்த அதில் புல்லாங்குழலும் உண்டு. மேட்ரிக்ஸ் ரீலோடட் (2003) திரைப்படத்தைப் பார்த்தவர்கள் ஜூனோ ரியாக்டரின் இசையை அறியாமலே கேட்டிருப்பர்.

போதைப்பொருளும் செவிநலமும்

இவ்விசையின் வரலாற்றை எல்எஸ்டி முதலிய போதைப்பொருட்களிலிருந்து பிரித்து எழுத இயலாது. ஆக்கங்களின் தலைப்புகளே அதற்குச் சான்று. எனினும் ஒலியின் நிற மாற்றங்களைக் கவனிக்க எவ்விதப் பொருளும் தேவையில்லை. இந்தியாவில் இவற்றை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். பலரும் எண்ணிப்பாராத கேடு ஒலியளவால் வருவது. உலக சுகாதார அமைப்பு 2022ல் வெளியிட்ட நெறிமுறை, இசை அரங்குகளின் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. விடிய விடிய நடக்கும் விழாக்களில் காதடைப்பான் அணிவது நன்று.

விழாக்கள்

1990களின் பிற்பகுதி முதல் இவ்விசையின் மையம் கோவாவிலிருந்து திறந்தவெளி விழாக்களுக்கு நகர்ந்தது. போர்த்துக்கலின் பூம் விழா 1997ல் தொடங்கியது. அங்கேரியின் ஓசோரா விழா 1999 ஆகஸ்டு 11 அன்று நிகழ்ந்த முழு சூரிய கிரகணத்தை ஒட்டி நடந்த கூடுகையின் தொடர்ச்சி. பிரேசில், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலும் பெரிய விழாக்கள் நடைபெறுகின்றன. 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலில் காசா எல்லைக்கு அருகே நடந்த நோவா சைடிரான்ஸ் விழாவின் மீது ஹமாஸ் இயக்கத்தினர் நடத்திய தாக்குதலில் 300க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பலர் பிணைக்கைதிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர்.

கோவாவும் உள்ளூர் மக்களும்

தன் பெயரைத் தந்த கோவாவின் பங்கு இவ்விசையில் என்ன என்பது எளிய கேள்வி அன்று. 1990களின் புகழ்பெற்ற ஆக்கங்களை இயற்றியவர்களுள் கோவாவைச் சேர்ந்தவரைக் காண்பது அரிது. உள்ளூர்ப் பெண்கள் ஆடுகளத்தின் ஓரத்தில் பாய் விரித்து, மண்ணெண்ணெய் விளக்கொளியில் விடியும்வரை தேநீரும் ஆம்லெட்டும் விற்றனர். வீடுகளை வாடகைக்கு விட்டோரும் வருவாய் பெற்றனர். அதே ஊர்களில் உறக்கமின்றித் தவித்த குடும்பங்களும் இருந்தன. ஆடுகளத்திலும் சமத்துவம் இருந்ததாகக் கூற முடியாது. புவியியல் ஆய்வாளர் அருண் சல்டானா அஞ்சுனாவில் கள ஆய்வு செய்து 2007ல் வெளியிட்ட நூலில், விடியற்காலையில் வெள்ளையர்கள் ஆடுகளத்தை ஆட்கொள்ள, இந்தியர்கள் சொல்லாமலே ஒதுக்கப்பட்டதை விரிவாகப் பதிவு செய்துள்ளார். எல்லோரும் ஒன்று என்று முழங்கிய ஓர் இசைக் கூட்டத்தைப் பற்றிய இம்முடிவு விவாதத்தை எழுப்பியது.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிகளைத் தடை செய்தன. உச்ச நீதிமன்றம் 2005ல் இதை உறுதி செய்தது. ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை விலக்களிக்க மட்டுமே மாநில அரசுகளுக்கு அதிகாரம் உண்டு. நள்ளிரவுக்குப் பின் சூடுபிடித்துச் சூரிய உதயத்தில் உச்சம் அடையும் வகையில் அமைந்த இசைக்கு இது பெரும் இடையூறு. அதன்பின் கோவாவில் நடக்கும் நிகழ்ச்சிகள் பல மூடிய அரங்குகளுக்கோ பகல்பொழுதுக்கோ மாறின. அஞ்சுனா, வாகதோர் பகுதிகளின் இரவு இரைச்சல் குறித்த வழக்குகள் 2020களிலும் மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வின் முன் வந்துள்ளன.