எச்சரித்து விடுவித்தல்

எச்சரித்து விடுவித்தல் என்பது சிறு குற்றம் செய்த வயதுவந்தவரைத் தண்டிக்காமல் கண்டித்து அனுப்பும் முறை. இங்கிலாந்தில் இதைக் காவல்துறையே செய்கிறது. குற்றத்தை ஒப்புக்கொள்வதும் எச்சரிக்கைக்குச் சம்மதிப்பதும் அங்கே கட்டாயம். மலேசியாவில் இதற்கு நெருக்கமானது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஏ பிரிவு. குற்றம் நிரூபணமான பிறகும், குற்றவாளியின் நடத்தை, வயது, உடல்நிலை, குற்றத்தின் அற்பத்தன்மை ஆகியவற்றைக் கருதி, குற்றவாளி எனப் பதியாமலேயே நீதிமன்றம் அவரை எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடுவிக்கலாம்.

மனிதநேயமான பிரிவுதான், ஆனால் மிகவும் தாமதமாக வருகிறது. எடுத்துக்காட்டாக, பாகான் டத்தோ மாவட்டம் தென்னையும் செம்பனையும் நிறைந்த பகுதி. அங்கே ஒரு தொழிலாளி சில செம்பனைக் குலைகளைத் திருடினால், தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. நீதிபதி இறுதியில் எச்சரித்தே அனுப்பினாலும், அதற்குள் கைது, பிணைப்பணம், இழந்த நாள்கூலி ஆகியவை அவரைத் தண்டித்துவிடுகின்றன. எனவே எச்சரிக்கை குற்றச்சாட்டுக்கு முன்பே கிடைக்க வேண்டும்.

காவல் நிலையத்துக்கு அந்த அதிகாரம் போனால் கையூட்டும் பாரபட்சமும் பெருகும் என்பது நியாயமான அச்சம். ஆனால் முடிவைக் காவலரிடம் விட வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 145(3) பிரிவு வழக்குத் தொடுக்கும் விருப்புரிமையைச் சட்டத்துறைத் தலைவருக்கே அளிக்கிறது. அவர் சார்பில் செயல்படும் அரசு துணை வழக்கறிஞரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலை நிபந்தனையாக்கலாம். வழக்குக்குப் பயந்து செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்வார்கள் என்ற மறுப்பு இன்னும் வலுவானது. அதனால், வழக்கறிஞரின் ஆலோசனை கிடைக்காமல் பெற்ற எந்தக் குற்ற ஒப்புதலும் செல்லக்கூடாது.